எலிக்கு ஒன்று, மகனுக்கு ஐந்தா?

கேள்வி: என் மகனுக்கு வயது 26, எடை 60 கிலோ. மனச்சிதைவு நோய்க்காகத் தினமும் ராத்திரி ஹாலோபெரிடால் 5 மி.கி. சாப்பிடுகிறான். இதே மருந்தை ஊசியாகப் போட்டதும் எலி மரம்போல விறைத்து நின்றதாக ஒரு கட்டுரையில் படித்தேன். எலிக்கே 1 மி.கி.தானாம். இவனுக்கு 5 என்றால் பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா, டாக்டரம்மா?
- ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம்.

அந்த 1 மி.கி. என்பது ஒரு கிலோ எடைக்கான கணக்காகத்தான் இருக்கும். உங்கள் மகனின் 5 மி.கி.யை 60 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 0.08தான். எலிக்குப் போனது பன்னிரண்டு மடங்கு. பார்கின்சன் நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள், எலிக்கு விறைப்பு வரவேண்டும் என்றே இந்த அளவைக் கொடுப்பார்கள். மதுரையில் மருந்தியல் பாடம் நடத்திய காலத்தில், 'இந்த டோஸ் எதற்காக?' என்றுதான் மாணவர்களிடம் முதலில் கேட்பேன்.

சரி, பன்னிரண்டு மடங்கு என்பதையும் அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. சின்ன உடம்பு மருந்தைச் சீக்கிரம் செலவழித்துவிடும். அதனால் உடல் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறவர்கள் மனிதரின் கிலோ அளவை எலிக்கு 6.2 ஆல் பெருக்குவார்கள், 0.5 வரும். எனக்கு இந்தப் பெருக்கல் மட்டும் போதாது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்து சேரும் இடங்களான டி2 ஏற்பிகளில்தான் இந்த மருந்து போய் உட்காருகிறது. மனிதரில் அவை சுமார் 65 சதவீதம் நிறைந்தால் பலன் தெரிகிறது. 80ஐ நெருங்கினால் நடுக்கமும் இறுக்கமும் வருகின்றன. எலியிலும் இதே நிறைவைத் தரும் அளவு எது என்று மனநல ஆய்வாளர் ஷிதிஜ் கபூர் குழுவினர் 2003இல் எழுதினார்கள். ஒற்றை ஊசி என்றால் கிலோவுக்கு 0.04 முதல் 0.08 போதும். ஆனால் அது நிலைக்காது. மனித உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். எலிக்கு இரண்டு மணி நேரம் போல. அதற்காக ஒரு நாளுக்கான மருந்தை ஒரே ஊசியில் போடவும் கூடாது. உங்கள் ஊர் 58 கிராமக் கால்வாயில் ஒரு நாள் தண்ணீரை ஒரே மணி நேரத்தில் திறந்துவிட்டால் கரைதானே உடையும்? அதனால்தான் எலியின் தோலுக்கடியில் சின்ன பம்பு வைத்து நாள் முழுக்கச் சொட்டவிடுகிறார்கள். அப்போது ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 வரை தேவைப்படுகிறது. எந்த வழியில், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று சொல்லாமல் வெறும் மில்லிகிராமை எழுதும் ஆய்வைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு உயிரை எடுத்துச் செய்கிற வேலை அல்லவா அது?

நீங்கள் கவனிக்க வேண்டியது மகனைத்தான். கை நடுங்குகிறதா, நடை இறுகியிருக்கிறதா, ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிறானா? இருந்தால் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் பற்றி எலிகளில் ஆய்வு செய்யப்போகிறேன். பழைய ஆய்வுக் கட்டுரையில் உள்ள டோஸையே எடுத்துக்கொள்ளலாமா, மேடம்?
- எம்.ஃபார்ம். மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: வேண்டாம் தம்பி. 1948இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், லித்தியம் கொடுத்த கினிப் பன்றிகள் சாந்தமானதைப் பார்த்துத்தான் மனிதருக்குக் கொடுத்தார். அந்தச் சாந்தமே நச்சு மயக்கமாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். முதலில் சில எலிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்து, இரத்தத்தில் அளந்து பாருங்கள். நோயாளிகளிடம் நாம் வைத்திருக்கும் லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வருகிற அளவுதான் உங்கள் டோஸ். விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே இதை எழுதிவிடுங்கள்.