ஒரு நட்சத்திரத்துக்கு லேப் ரிப்போர்ட்டால் பதில் சொல்லலாமா?

கேள்வி: மன்னார்குடியில் குழந்தைகள் நல கிளினிக் நடத்துகிறேன். கூகுள் மேப்பில் ஒரு தாய் ஒரு நட்சத்திரம் கொடுத்து, 'மூன்று மணி நேரம் காக்கவைத்தார்கள், காய்ச்சலுக்குத் தேவையில்லாத ரத்தப் பரிசோதனை' என்று எழுதியிருக்கிறார். குழந்தைக்கு டெங்கு, பிளேட்லெட் குறைந்திருந்தது. ரிப்போர்ட்டை அங்கேயே போடலாமா? பணம் கொடுத்தால் ரிவ்யூவை எடுத்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார்.

பதில்: போடாதீர்கள் டாக்டர். நியாயம் உங்கள் பக்கமே இருக்கட்டும், ரிப்போர்ட்டைப் போட்ட நிமிடம் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதி. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன, அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. ஆக, கூகுள் மேப்பே பிறக்காத காலத்து விதியை வைத்துக்கொண்டு நட்சத்திரத்துக்குப் பதில் தேடுகிறோம். என்ன செய்ய!

'டெங்குவைத் தெரிவிக்கத்தானே சொல்கிறார்கள்' என்று சிலர் கேட்பார்கள். தெரிவிக்க வேண்டியது சுகாதாரத் துறைக்கு. அது ரகசிய விதிக்கே விலக்கு, உடனே செய்தாக வேண்டிய கடமையும்கூட. ஆனால் துறைக்குச் சொல்லிவிட்டதால் ஊருக்கும் சொல்லலாம் என்று ஆகாது. அந்த அம்மாவே 'டெங்கு' என்று எழுதியிருந்தாலும், நீங்கள் 'ஆமாம், பிளேட்லெட் குறைவு' என்று அங்கே ஆமோதிக்கக் கூடாது. கோர்ட் கேட்டால் கொடுங்கள், கூகுளில் வேண்டாம்.

இப்படி எழுதினால் போதும்: 'உங்கள் கருத்தைப் படித்து வருந்துகிறோம். யாருடைய சிகிச்சை விவரங்களையும் பொதுவில் பேச இயலாது. கிளினிக்குக்கு வாருங்கள் அல்லது அழையுங்கள், விளக்குகிறோம்.' அவர் உங்களிடம் வந்தவர் என்றுகூட உறுதி செய்ய வேண்டாம். வந்து ரிப்போர்ட் நகல் கேட்டால் இழுத்தடிக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

அந்த ஏஜென்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ரிவ்யூவை நீக்கும் அதிகாரம் வெளியாள் எவருக்கும் கிடையாது. கூகுளின் கொள்கையை மீறியிருந்தால்தான் அது போகும், அந்தப் புகாரை நீங்களே இலவசமாகச் செய்யலாம். கிளினிக்குக்கே வராதவர், போட்டிக் கடைக்காரர் எழுதியது என்றால் செய்யுங்கள். மனக்குறை என்றால் அசையாது. புகார் ஏற்கப்படாவிட்டால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம், அதற்குமேல் மன்றாடிப் பயனில்லை. இந்த ஆட்கள் செய்வதெல்லாம் உங்கள் கணக்கின் மேனேஜர் உரிமையை வாங்கிக்கொண்டு, ஒரே ராத்திரியில் எங்கிருந்தோ இருபது 'ஐந்து நட்சத்திர' ரிவ்யூக்களைக் கொட்டுவதுதான். மன்னார்குடிக் குழந்தை டாக்டருக்கு இந்தியில் பாராட்டு வந்தால் ஊர் சிரிக்காதா? போலி என்று கூகுள் கண்டுபிடித்தால் உண்மையான ரிவ்யூக்களும் சேர்ந்து அடிபடலாம். பிறகு உரிமையைத் திருப்பித் தரவும் தனியாகப் பணம் கேட்பார்கள். பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

அவதூறு வழக்கு என்று யாராவது உசுப்பினால் கேட்காதீர்கள், ஒரு நட்சத்திரத்துக்கு அது தகாத செலவு.

அப்புறம், அந்த மூன்று மணி நேரம் உண்மையா? டோக்கன் நோட்டைப் பாருங்கள். மழைக்காலத்தில் வடுவூரிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் காய்ச்சல் குழந்தையோடு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, எத்தனையாவது டோக்கன் போகிறது என்று போனில் சொல்ல ஓர் ஆளைப் போடுங்கள். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் அந்தச் சம்பளத்தைக் கொடுங்கள்.