வீட்டின் மேல் பாண்ட் எடுத்து மருத்துவ சீட் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மேட்ரிக் படிக்கும் உங்கள் மகள் கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாக வாங்குகிறாள். உயிரியல் ஒட்டவில்லை. இ.ஜி.டி. என்னும் பொறியியல் வரைபடப் பாடம் என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுகிறாள். உள்ளூரில் மருத்துவம் கிடைக்காவிட்டால் வீட்டின் மேல் மறுபடி பாண்ட் (அடமானக் கடன்) எடுத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்புங்கள் என்கிறார் லெனேசியாவில் இருக்கும் மாமா. உங்களுக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயம் சரியானது, அதைக் கேளுங்கள்.

வெளிநாட்டில் மருத்துவம் முடித்துத் திரும்புபவர் இங்கே மருத்துவர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. அமைப்பின் தேர்வில் தேற வேண்டும். பிறகு அரசு மருத்துவமனையில் இன்டர்ன் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலமும் பாண்ட் தவணை ஓடும். ரேண்ட் சரிந்தால் டாலர் கட்டணமும் ஏறும். தவணை கட்டப்போவது நீங்கள். உயிரியலே பிடிக்காத பெண்ணின் பெயரில் இந்தக் கடனை வாங்காதீர்கள்.

சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், ஐ.டி. பற்றியெல்லாம் உறவினர்களே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: பைப்பிங் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ். ஆலைக் குழாய்களின் உலோகத்துக்குள் எழும் தகைவை, அதாவது ஒரு சதுர அளவு உலோகம் தாங்கும் விசையை, கணக்கிடும் வேலை. உங்கள் மகள் பள்ளியில் வரைகிறாளே, மூன்று பக்கமும் ஒரே தாளில் தெரியும் ஐசோமெட்ரிக் படம், அதுதான் இந்தத் தொழிலின் முதல் தாள்.

ஒரு கரும்பாலையின் நீராவிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் ஸ்டீல் 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்குச் சுமார் 1.2 மி.மீ. நீளும். 300 டிகிரி நீராவி போகும் 30 மீட்டர் குழாய் 10 செ.மீ.க்கு மேல் நீள்கிறது. நீள இடம் கொடுக்காமல் இரு முனையையும் இறுக்கிவிட்டால், 100 டிகிரி ஏற்றத்திலேயே தகைவு 240 மெகாபாஸ்கலை (தகைவின் அலகு) தொடும். ஏ106 கிரேடு பி என்னும் கார்பன் ஸ்டீல் ரகக் குழாய் நிரந்தரமாக உருக்குலையத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே அளவில்தான். ஷெட்யூல் 40 என்ற சுவர்த் தடிமன் கொண்ட 6 அங்குலக் குழாய் என்றால் முனையை 85 டன்னுக்கு மேல் தள்ளும். அங்கே ஒரு பம்ப் இருந்தால் அதன் ஷாஃப்ட் நேர்கோட்டிலிருந்து விலகும், பேரிங் போகும், சீல் ஒழுகும். காரணம் குழாயில் இருப்பது தெரியாமல் பேரிங்கையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். தடித்த குழாய் போட்டால் தீரும் என்று நினைப்பதும் தவறு. தடித்தது வளையாது, பம்பை இன்னும் பலமாகத் தள்ளும். சில இடங்களில் குழாயை ப வடிவில் சுற்றிக் கொண்டுபோவது அதற்காகத்தான். அந்தச் சுற்று நீட்சியை வாங்கிக்கொள்ளும்.

வேலை இப்படிப் போகும். ஐசோமெட்ரிக் படத்தில் ஒவ்வொரு வளைவு, வால்வு, தாங்கியிலும் நோட் எண் (கணக்கிடும் புள்ளியின் எண்) போடுவார்கள். சுவர்த் தடிமன், அரிமானத்துக்கு விட்ட கூடுதல் தடிமன், காப்பு உறையின் எடை, வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் சீசர் 2 அல்லது ஆட்டோபைப் மென்பொருளில் ஏற்றுவார்கள். எடையும் அழுத்தமும் தரும் தகைவு தனி, வெப்ப நீட்சி தருவது தனி, காற்றும் சேஃப்டி வால்வு உதையும் தருவது தனி. ஏ.எஸ்.எம்.இ. பி31.3 என்னும் அமெரிக்க ஆலைக் குழாய் விதி ஒவ்வொன்றுக்கும் வேறு வரம்பு வைத்திருக்கிறது. நீட்சித் தகைவின் அடிப்படை வரம்பு 7,000 முறை சூடேறி ஆறுவதை வைத்து எழுதப்பட்டது. தினம் ஒருமுறை என்றால் ஏறக்குறைய 19 ஆண்டுகள். கடைசியில் பம்ப் முனைச் சுமையை ஏ.பி.ஐ. 610 என்னும் பம்ப் தரவிதியின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

மென்பொருள் எண்ணைத் தந்துவிடும். எங்கே பிழை என்று சொல்லாது. குழாய் போய்ச் சேரும் கலம் சூடேறும்போது அதன் முனையும் மேலே நகரும். அதைக் கணக்கில் ஏற்ற மறப்பது புதியவர்களின் வழக்கமான தவறு. சூட்டில் குழாய் தாங்கியை விட்டு எழும்பிவிட்டால் அதன் எடை முழுதும் அடுத்த தாங்கிக்கோ பம்புக்கோ போய்விடும். கணக்கு சரியாக இருந்தும் குழாயைத் தொங்கவிடும் ஸ்பிரிங் ஹேங்கரின் பூட்டு முளையைக் கழற்றாமலே ஆலையை ஓட்டிவிடுவார்கள். அதனால் களத்தில் போய்ப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

கணக்கே போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை சாட்சி. விரிசல் விட்ட ஒரு ரியாக்டரை எடுத்துவிட்டு, 20 அங்குல மாற்றுக் குழாயை இரு முனையிலும் பெல்லோஸ் (மடிப்புள்ள நெகிழ் இணைப்பு) வைத்துப் பொருத்தினார்கள். வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது, தாங்கியது சாரக்கம்பம். வளைந்த அந்தக் குழாயை அழுத்தம் எப்படித் திருப்பும் என்று யாரும் கணக்கிடவில்லை. 1974 ஜூன் 1 அன்று அது கிழிந்து, வெளியேறிய சைக்ளோஹெக்சேன் என்னும் தீப்பற்றும் ரசாயனம் வெடித்து 28 பேர் இறந்தார்கள். உயிர் காக்கும் படிப்பு மருத்துவம் ஒன்றுதான் என்று மாமா சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். டர்பன் தெற்கின் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 தீ விபத்துக்குப் பிறகு திறக்கவில்லை. மற்றது 2022இல் நின்றது. வீட்டுப் பக்கத்திலேயே வேலை என்று நம்பிக்கை தரமாட்டேன். செக்குண்டா, மின்நிலையங்கள், ரிச்சர்ட்ஸ் பே காகிதக்கூழ் ஆலை, ஜோகன்னஸ்பர்க் வடிவமைப்பு அலுவலகங்கள் என்று போகத் தயாராக இருக்க வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் ஆலைத் தூசியும் பாதுகாப்புத் தொப்பியும் உண்டு. அதை மகளிடமே கேளுங்கள், அவளுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

இந்தத் தலைப்பில் தனி இளங்கலை தேட வேண்டாம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தால் போதும். நம் பெரியவர்கள் எம்.எல். சுல்தான் என்று சொல்லும் கல்லூரி 2002இல் இன்னொரு கல்லூரியோடு இணைந்து உருவான டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அது உண்டு. வீட்டிலிருந்தே போய் வரலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்னும் அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பியுங்கள். சீசர் 2 சான்றிதழ் தருகிறோம் என்று மேட்ரிக் முடித்தவரிடமே பணம் கேட்கும் வகுப்புகளுக்கு ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள். மெட்டீரியல்ஸ் வலிமைப் பாடம் தெரியாதவருக்கு அந்த மென்பொருள் பயன்படாது.

கணக்கைவிட்டு மேத்ஸ் லிட்டரசி என்னும் எளிய கணக்குப் பாடத்துக்கு மாற மட்டும் விடாதீர்கள். மாறினால் இந்தக் கதவு மூடிவிடும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சி.ஏ.ஓ. விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தை அவளே தன் கையால் நிரப்பட்டும். பாண்ட் தாள் எதிலும் அதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டாம்.