வயல்வெளியில் என்ன தகராறு?

கேள்வி: ஆதியாகமம் 4:8-ல் காயீன் ஆபேலோடே ‘பேசினான்’ என்று மட்டும்தான் இருக்கிறது. யூத ரபிகள் அதைச் சொத்துத் தகராறு என்கிறார்களாமே, எந்த ஆதாரத்தில்?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தமிழில் படித்தால் வசனத்தில் குறை தெரியாது. எபிரேயத்தில் இருப்பது ‘வயோமெர்’, அதாவது ‘சொன்னான்’. சொன்னது என்ன என்று அடுத்து வரவேண்டும், வரவில்லை. நேரே வயல், கொலை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘வயலுக்குப் போவோம்’ என்று ஒரு வரி சேர்த்து ஓட்டையை அடைக்கிறது. நம்மவர்கள் ‘பேசினான்’ என்று போட்டு நிரவிவிட்டார்கள். ரபிகள் அந்த ஓட்டையிலேயே நின்று, “எதற்காகச் சண்டை?” என்று கேட்டார்கள்.

ஆதியாகமத்துக்கு ரபிகள் சொன்ன விளக்கங்களின் பழைய தொகுப்பான ‘பெரேஷித் ரப்பா’ 22:7 தருவது ஒரே ஒரு பதில் அல்ல. முதலாவது, பாகப்பிரிவினை. ஒருவனுக்கு நிலம், மற்றவனுக்கு அசையும் சொத்து. “நீ நிற்கிற மண் என்னுடையது, பற!” “நீ உடுத்தியிருப்பது என்னுடையது, கழற்று!” நீங்கள் கேள்விப்பட்டது இதுதான்.

மித்ராஷின், அதாவது வசனத்தைத் துருவி விளக்கும் இந்த ரபி முறையின், கைவேலையைப் பார்க்க இரண்டாவதற்குப் போகவேண்டும். சிக்னின் ஊர் ரபி யெகோசுவா, ரபி லேவியின் பெயரால் சொல்வது: நிலம், பொருள் இரண்டையும் இருவரும் எடுத்துக்கொண்டார்கள், எருசலேம் ஆலயம் யார் எல்லைக்குள் கட்டப்படும் என்பதில்தான் சண்டை. ஆதாமின் பிள்ளைகள் காலத்தில் ஏது ஆலயம் என்று சிரிக்கவேண்டாம். வசனத்தில் ‘வயல்’ இருக்கிறது, எபிரேயத்தில் ‘சாதே’. ஆலய மலையான சீயோன் வயலாக உழப்படும் என்கிற மீகா 3:12-லும் அதே சாதே. அந்த வசனத்தைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் வயல் என்பது ஆலய மலை ஆகிவிடுகிறது.

மூன்றாவது, பெண்ணுக்காக. ‘முதல் ஏவாள்’, அதாவது ஏவாளுக்கு முன்பே படைக்கப்பட்டதாக ரபிகள் சொல்லும் பெண், என்கிறார் ஒருவர். ஆபேலோடு கூடுதலாகப் பிறந்த இரட்டைச் சகோதரி என்கிறார் ரபி ஹூனா.

பிரசங்கங்களில் இவற்றை ஒரே கதையாகக் கோத்துவிடுகிறார்கள். அது தவறு, ஒவ்வொன்றும் மற்றதற்கு மாற்று. 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியும் இந்த விளக்கங்கள் உண்டென்று குறிப்பிட்டுவிட்டு, ‘கொல்லச் சாக்குத் தேடி வம்புக்கிழுத்தான்’ என்பதையே நேர்ப்பொருளாகக் கொள்கிறார்.

கேள்வி: 4:10-லும் இப்படி ஏதாவது உண்டா?
- அதே வாசகர்

பதில்: உண்டு. தமிழில் ‘இரத்தத்தின் சத்தம்’. எபிரேயத்தில் ‘தெமே’, பன்மை, ‘இரத்தங்கள்’. ஆபேலின் இரத்தமும், பிறக்காமல் போன அவன் சந்ததிகளின் இரத்தமும் என்கிறது ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா (நீதிமன்றம் பற்றிய ‘சன்ஹெத்ரின்’ பகுதி, 4:5). மரணதண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவர்களை எச்சரிக்கும் இடத்தில் இது வருகிறது. கூடவே இன்னொரு விளக்கமும்: மரங்களிலும் கற்களிலும் தெறித்திருந்ததால் பன்மை.