தினசரி ஓட்டும் மஸ்டாங் ஜிடி-யை ட்ராக்குக்குத் தயார் செய்ய எதில் பணம் போடுவது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். 2017 மஸ்டாங் ஜிடி, மேனுவல் கியர், பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் (பெரிய பிரேக்கோடு வரும் கம்பெனித் தொகுப்பு) இல்லாதது. தினமும் ஆபீஸுக்கு அதில்தான் போகிறேன். வருடத்தில் இரண்டு மூன்று முறை ட்ராக் டே (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போக ஆசை. முதலில் இன்ஜின் சக்தியைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் போடலாமா, சஸ்பென்ஷனை மாற்றலாமா? எந்த ட்ராக்கில் தொடங்கலாம்?

பதில்: சூப்பர்சார்ஜர் வேண்டாம். சஸ்பென்ஷனும் இப்போதைக்கு வேண்டாம். முதல் வருடம் பிரேக்குக்கும் டயருக்கும் நல்ல ஹெல்மெட்டுக்கும் மட்டும் செலவு செய்யுங்கள். மிச்சப் பணத்தில் இன்னும் இரண்டு ட்ராக் டே சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம். உங்கள் வண்டியின் 5.0 லிட்டர் வி8 இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 435 குதிரைசக்தி தருகிறது. வண்டியின் எடை சுமார் 1,680 கிலோ. உங்களையும் பெட்ரோலையும் சேர்த்தால் 1,800 பக்கம் வரும். நேர்ச்சாலையின் முடிவில் 200 கிமீ வேகத்தில் வந்து, வளைவுக்காக 80-க்கு இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் அதில் வண்டி இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 23 லட்சம் ஜூல் வருகிறது. 30 டிகிரியில் இருக்கும் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. அதில் பெரும்பகுதியை நான்கைந்து வினாடிக்குள் நான்கு ரோட்டர்கள் (வீலோடு சுழலும் பிரேக் தட்டுகள்) வாங்கிக்கொள்ள வேண்டும், அதிலும் முன்பக்கத்து இரண்டும்தான் அதிகம் வாங்கும். ஒரு சுற்றில் இப்படி மூன்று நான்கு இடம் வரும், இருபது நிமிட செஷனில் பத்துச் சுற்றாவது ஓடுவீர்கள். சூப்பர்சார்ஜர் போட்டு அதே இடத்துக்கு 220-ல் வந்தால் பிரேக் தாங்க வேண்டிய சூடு கால் பங்கு ஏறிவிடும். இன்ஜின் சூடு தனிக்கதை. அதிக சக்தி வாங்குவது சுலபம், அதை ஒவ்வொரு சுற்றிலும் இறக்கி வைப்பதில்தான் இந்த எடையுள்ள வண்டிகள் திணறும்.

ஆகவே முதல் வேலை பிரேக் ஆயில். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, ஆனால் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 155 தாங்கினால் போதும் என்பது விதி. ஆபீஸ் போய்வர அது தாராளம், ட்ராக்கில் போதாது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக இருக்கும்போது 312 டிகிரி தாங்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் விலை கையைக் கடிக்கும், ஆனால் ஈரம் ஏறிய பிறகும் 270 தாங்கும். வருடம் இரண்டு மூன்று முறைதான் போகிறீர்கள் என்றால் ஆர்பிஎஃப் 600 வாங்கி, ஒவ்வொரு ட்ராக் டே-க்கும் முந்தைய வாரம் மாற்றிவிட்டாலே போதும். இந்த வண்டியில் கிளட்சுக்கும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. மாற்றும்போது கிளட்ச் லைனிலும் காற்றெடுத்துவிடச் சொல்லுங்கள். டாட் 5 என்று தனி எண்ணில் ஒன்று விற்கிறார்கள், அது சிலிக்கான் வகை. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்தது பேடு, அதாவது ரோட்டரை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை. கம்பெனி பேடு குளிர்காலக் காலையில் முதல் அழுத்தத்திலேயே பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. நாலைந்து சுற்று கடுமையாகப் போனால் அதன் பிடிப்பு போய்விடும். இரண்டு விதமாக பிரேக் கைவிடும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெடல் கல் மாதிரி உறுதியாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்க மறுக்கிறது என்றால் பேடு சூடேறிவிட்டது. பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரைவரை போகிறது என்றால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. முதல் வகையில் வேகத்தைக் குறைத்து இரண்டு சுற்று ஆறவிட்டால் சரியாகும். இரண்டாவது வகையில் அன்றைய ஓட்டம் முடிந்தது, காற்றெடுக்காமல் மறுபடி இறங்கவே கூடாது.

ஹாக் டிடிசி-60, ஜி-லாக் ஆர்12 போன்ற ட்ராக் பேடுகளை நான்கு வீலுக்கும் ஒரே கம்பெனியில் பொருத்தமான ஜோடியாக வாங்குங்கள். முன்னால் மட்டும் மாற்றினால் முன்பின் சமநிலை குலையும், ஏபிஎஸ்ஸும் குழம்பும். இவை தெருவில் கத்தும், வீலெல்லாம் கருந்தூளாக அப்பும், ஆறிய நிலையில் பிடிப்பும் குறைவு. அதனால் முந்தைய நாள் மாட்டி, திரும்பி வந்ததும் கழற்றிவிடுங்கள். ஜாக்கும் ஸ்டாண்டும் இருந்தால் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். புதுப் பேடு மாட்டியதும் அந்தக் கம்பெனி சொல்லும் முறைப்படி படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்துங்கள், அதைச் செய்யாமல் ட்ராக்கில் இறங்காதீர்கள். உங்கள் வண்டியில் முன்னால் நான்கு பிஸ்டன் காலிப்பரும் (பேடை அழுத்தும் கவ்வி) 352 மிமீ ரோட்டரும் இருக்கின்றன. பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜில் வந்தது ஆறு பிஸ்டன் பிரெம்போ, 380 மிமீ ரோட்டர். இந்தப் பொழுதுபோக்கு ஒட்டிக்கொண்டால் அடுத்த வருடம் அதை அப்படியே வாங்கி மாட்டலாம். 19 அங்குல வீலும் சேர்த்து வாங்க வேண்டி வரலாம், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

செஷன் முடிந்ததும் கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் இழுக்கவே கூடாது. கொதிக்கும் ரோட்டரை பேடு அதே இடத்தில் கவ்விக்கொண்டு ஆறினால் அங்கே பேடு படிந்து, அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி உதறும். கியரில் விட்டுவிட்டு டயருக்கு ஒரு கட்டை வையுங்கள்.

டயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். உங்களுடைய 235 அகல ஆல்-சீசன் டயர் நல்ல நிலையில் இருந்தால் முதல் நாளுக்கு அதுவே போதும். அது சீக்கிரம் வழுக்கும், வழுக்குவதற்கு முன் கீச்சென்று கத்தி எச்சரிக்கும், மெதுவான வேகத்திலேயே வண்டியின் எல்லையைக் காட்டிவிடும். புதியவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தயாரித்த வாரமும் வருடமும் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் இருக்கும், ரொம்பப் பழையதாக இருந்தால் அதில் போகாதீர்கள். காற்றைக் குளிர்ந்த நிலையில் 29, 30 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் சூட்டோடு அளந்து, 35 பக்கம் நிற்கும்படி இறக்கிக்கொண்டே வாருங்கள். மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்ற மறந்துவிடாதீர்கள். டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்துகொண்டே போவதைப் பார்த்த பிறகு வீலின் சாய்வை (கேம்பர்) மாற்ற உதவும் கேம்பர் ப்ளேட் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். கம்பெனி அமைப்பில் முன்வீல் மைனஸ் 1 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், ட்ராக்குக்கு மைனஸ் 2-க்கு மேல் தேவை. சஸ்பென்ஷனில் முதல் செலவு அதுதான், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் இல்லை.

வீல் நட்டுகளை 150 அடி-பவுண்டில் முறுக்க வேண்டும். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சோடு போய் ஒவ்வொரு செஷனுக்கு முன்பும் சரிபாருங்கள். இன்ஜின் ஆயில் மட்டத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் க்ளஸ்டரில் சிலிண்டர் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) சூட்டைக் காட்டும் கேஜை வைத்துக்கொள்ளுங்கள். அது வழக்கத்தைவிட ஏறத் தொடங்கினால் இரண்டு சுற்று அமைதியாக ஓட்டுங்கள். குளிர்ந்த மாதங்களில் போனால் ஆயில் கூலர் இல்லாமலே சமாளிக்கலாம்.

பெட்ரோல் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. முழு வேகத்தில் இந்த இன்ஜின் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. ஒரு டேங்க் ஒரு நாளுக்குப் போதாது. அரை டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள், நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் இருமும்.

ஹெல்மெட்டில் கார் ஓட்டத்துக்கான பாதுகாப்புத் தரமான ஸ்னெல் எஸ்ஏ 2020 அல்லது அதற்குப் பிந்தைய முத்திரை இருக்கட்டும். பைக் ஹெல்மெட்டில் இருக்கும் எம் முத்திரைக்குத் தீத்தடுப்புச் சோதனை கிடையாது. நான்குமுனை பெல்ட் வாங்கி மாட்டும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். ரேஸ் சீட், ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் கம்பி), கழுத்துக் காப்பு எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தால்தான் அதில் அர்த்தம் உண்டு. ரோல் பார் உள்ள வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஆபீஸ் போவது வேறொரு ஆபத்து, சின்ன விபத்திலேயே தலை இரும்பில் மோதும். கம்பெனி பெல்ட்டும் ஏர்பேகும் உங்கள் தேவைக்குச் சரியானவை.

வண்டி சறுக்காமல் தானாகக் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முதல் நாளில் அணைக்காதீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நீங்கள் தடுமாறும்போதெல்லாம் அது பின்வீல் பிரேக்கையும் தானாகப் பிடித்துச் சமாளிக்கும், அதனால் பின்பேடு எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே நீங்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டினீர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். இங்குள்ள பல பாலிசிகள் ரேஸ் ட்ராக்கில் நடப்பதற்குப் பொறுப்பேற்பதில்லை. ஹேகர்ட்டி, லாக்டன் போன்றவர்கள் ஒரு நாளுக்கு மட்டும் தனி பாலிசி தருகிறார்கள். கடன் பாக்கி உள்ள வண்டி என்றால் அது இல்லாமல் இறங்காதீர்கள்.

இனி எந்த ட்ராக் என்ற கேள்வி. எல்லாருக்கும் லகூனா சேக்கா மேல்தான் கண். கார்க்ஸ்க்ரூ வளைவில் 18 மீட்டர் சரிந்து இறங்கும் அனுபவம் அலாதிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சத்தத்துக்கு வரம்பு உண்டு, பல நாட்களில் 90, 92 டெசிபல்தான். எக்ஸாஸ்ட் மாற்றிய மஸ்டாங் இரண்டாவது சுற்றிலேயே கறுப்புக்கொடி (ட்ராக்கை விட்டு வெளியே வா என்ற சைகை) வாங்கி உள்ளே வரும். சோனோமாவில் சுவர்கள் பக்கத்திலேயே நிற்கின்றன, புதியவருக்கு உகந்ததில்லை. வில்லோஸ் ஊருக்கு மேற்கே இருக்கும் தண்டர்ஹில்லில் தொடங்குங்கள். 3 மைல், 15 வளைவு. தவறினால் பெரும்பாலும் புல்லிலும் மண்ணிலும்தான் போய் நிற்பீர்கள். கோடையில் அங்கே வெயில் 38 டிகிரியைத் தாண்டும், அதனால் அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள் பாருங்கள். எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா), நாசா (ராக்கெட் விடும் நாசா இல்லை, நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன்) போன்ற அமைப்புகள் நடத்தும் நாட்களில் புதியவர்களுக்குத் தனிக் குழு உண்டு. பக்கத்து சீட்டில் பயிற்றுநர் உட்காரும் நாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அவர் சொல்லித்தரும் பிரேக் புள்ளிக்கு (எங்கே பிரேக் பிடிக்கத் தொடங்குவது என்பதற்கு) ஈடாக எந்த உதிரிபாகமும் நேரத்தைக் குறைத்துவிடாது.

அந்த வண்டியில்தான் வீட்டுக்கும் திரும்ப வேண்டும். மதியத்துக்கு மேல் பேடு கால் பங்குக்குக் கீழே தேய்ந்திருந்தால் கடைசி செஷனை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தப் பக்கம் மஸ்டாங் ட்ராக் பேடு விற்கும் கடை எதையும் நம்பிப் போக முடியாது.