பட்டியலில் இருக்கும் பல் மருத்துவரா, பழகிய பல் மருத்துவரா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 47 வயது. பிறந்தது தர்மபுரி மாவட்டம், வாக்கப்பட்டது பெருமாநல்லூர். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். கடந்த நவம்பரில் சம்பளம் 23,500 ரூபாய் ஆனது. அப்போது கம்பெனியின் குழுக் காப்பீட்டில் என்னையும் சேர்த்தார்கள். அதில் பல்லுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை உண்டு; ஆனால் அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கெட்ட நரம்பை எடுத்து அடைக்கும் வேர் சிகிச்சைக்கு முழுத் தொகையும் தருவார்கள். கேப், பிரிட்ஜுக்குப் பாதி. தாடை எலும்பில் திருகு பதித்துக் கட்டும் இம்ப்ளான்டுக்கு ஒன்றும் இல்லை. இடது கீழ்க் கடைவாய்ப் பல் இரவில் வலிக்கிறது, சூடாகக் குடித்தால் உயிர் போகிறது. பட்டியலில் இருந்த ஓர் இடத்துக்குப் போனேன். 36, 45, 47 என்று மூன்று பல்லுக்கு வேர் சிகிச்சை, நான்கு வருடம் முன்பு பிடுங்கிய 46-க்கு பிரிட்ஜ், கறையாக இருக்கும் மேல் முன்பற்கள் ஆறுக்கும் கேப் என்று எழுதிக் கொடுத்தார்கள். மார்ச் 31-க்குள் முடித்தால்தான் இந்த ஆண்டுப் பணம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். பன்னிரண்டு வருடமாக நாங்கள் பார்க்கும் அவிநாசி டாக்டர் பட்டியலில் இல்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாத சராசரி (HbA1c) 9.1. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள அம்மணிக்கு, வலிக்கிற அந்த 36-ஆம் பல்லுக்கு இந்த வாரமே போங்கள். அது காத்திருக்காது. தாளில் உள்ள மற்ற எந்த வேலைக்கும் மார்ச் 31 கெடு கிடையாது. அந்தத் தேதி காப்பீட்டுக் கணக்குக்கு உரியது, உங்கள் பல்லுக்கு அல்ல.

பல்லின் எண்களையும் எழுதி அனுப்பினீர்களே, அது மிக நல்ல காரியம். அந்த எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால் பகுதி என்பதைக் காட்டும்: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து அது எத்தனையாவது பல் என்பது. 36 என்றால் கீழ் இடது பக்கம் ஆறாவது பல். நீங்கள் வலி என்று சொல்கிற அதே பல். சரி. 46 நீங்கள் இழந்தது. அப்படியானால் 45, 47 எவை? அந்த இடைவெளியின் இரண்டு கரையிலும் நிற்கிற பற்கள். அவற்றில் வலி என்று நீங்கள் எழுதவில்லை.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். பிரிட்ஜ் கட்டும்போது பக்கத்துப் பற்களைச் சுற்றிலும் தேய்த்து, அவற்றின்மேல் கேப் மாட்டி, நடுவில் பொய்ப் பல்லைத் தொங்கவிடுவோம். தேய்த்த பிறகு கூச்சமோ வலியோ வந்துவிடக் கூடாது என்று, உயிரோடு இருக்கிற நரம்பை முன்கூட்டியே எடுத்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆரோக்கியமான பல்லுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. நரம்பை இழந்த பல் உள்ளே துளையிடப்பட்டு வலுக் குறைந்து போகிறது. சொத்தை ஆழமாக இருந்தால் கதை வேறு. அதனால் அங்கே இரண்டே கேள்வி கேளுங்கள்: "இந்தப் பல்லின் நரம்பு கெட்டுவிட்டதா? எப்படித் தெரிந்தது?" குளிர் வைத்துப் பார்த்தார்களா, தட்டிப் பார்த்தார்களா, எக்ஸ்ரேயில் எந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டக்கூடியவர் காட்டுவார். உங்கள் திட்டம் வேர் சிகிச்சைக்கு முழுப் பணமும் பிரிட்ஜுக்குப் பாதியும் தருகிறது என்பதையும் மனதில் வையுங்கள். யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எதற்குப் பணம் எளிதாகக் கிடைக்கிறதோ அந்த வேலை தாளில் கூடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆறு முன்பற்களுக்கு கேப் என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நீங்கள் பிறந்தது தர்மபுரி மாவட்டம். அந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் பாதிப்பைக் குறைப்பதற்குத்தான். குழந்தைப் பருவத்தில், எனாமல் உருவாகும் காலத்தில் அந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பல் பழுப்புக் கோடுகளோடுதான் முளைக்கும். அது சொத்தை இல்லை, பரவவும் செய்யாது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது என்றாலும், உங்கள் கறை அந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காக ஆறு நல்ல பற்களைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்த்து கேப் போட்டால், அந்த எனாமல் திரும்பி வராது. கேப்புக்கு ஆயுள் முடியும்போதெல்லாம் மறுபடி மறுபடி செலவு. கறை மனதை உறுத்தினால் மேலோட்டமாகத் தேய்த்து மெருகிடுவது, வெளுக்க வைப்பது, முன்பக்கம் மட்டும் மெல்லிய பூச்சு ஒட்டுவது என்று சிறிய வழிகள் இருக்கின்றன. முதலில் அவற்றைத்தான் பேச வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டியல் என்பது யாரிடம் போனால் பணம் கிடைக்கும் என்று சொல்லும் தாள். யாருடைய கை நல்லது என்று அது சொல்லாது. இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. ஈரோட்டில் என் மருத்துவமனையின் பெயரும் சில ஆண்டுகள் அப்படியொரு பட்டியலில் இருந்தது. சேர்ப்பதற்கு முன் ஒரு தம்பி வந்தார். பதிவுச் சான்றிதழின் நகல், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் வாங்கிக்கொண்டார். பெயர்ப் பலகையையும் நாற்காலியையும் கைப்பேசியில் படம் எடுத்தார். அரை மணி நேரம். நான் செய்த ஒரு வேர் சிகிச்சையின் எக்ஸ்ரேயைக்கூட அவர் கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவுதான் என்று விலை குறித்துக் கொடுத்தார்கள், என் வழக்கமான கட்டணத்தைவிட நன்றாகக் குறைவு. கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர்க்குழாய் இருக்கும், பலருக்கு நான்கு. நான்காவதைத் தேடி எடுக்க இன்னொரு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு அந்த விலையில் இடம் இல்லை. நேரத்தைக் குறைக்க மனம் வராமல் நான் விலகிக்கொண்டேன். விலகாமல், நட்டப்பட்டாலும் ஒழுங்காகச் செய்கிற நல்ல மருத்துவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கேள்வி: "என் பல்லில் கை வைக்கப்போவது யார்?" பலகையில் ஒரு பெயர் இருக்கும், வேர் சிகிச்சைக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வேறொருவர் வந்து போவார். அதில் தவறில்லை. பி.டி.எஸ். ஐந்து ஆண்டுப் படிப்பு. அதன்மேல் மூன்று ஆண்டு எம்.டி.எஸ். படித்தவர்களில் வேர் சிகிச்சைக்கென்று, பல் கட்டுவதற்கென்று, ஈறுக்கென்று தனித்தனிப் பிரிவு உண்டு. வருகிறவர் எந்தப் பிரிவு, தமிழ்நாடு பல் மருத்துவ மன்றப் பதிவு எண் என்ன என்று கேட்கலாம். அதைவிட முக்கியம் அடுத்த கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை செய்து புதன்கிழமை வீங்கினால் என்னை யார் பார்ப்பார்கள்?" இதற்குத் தயங்காமல் பதில் வருகிற இடம் நல்ல இடம்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். கருவிகள் ஒட்டிய உறையிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். உறையில் உள்ள அடையாளம் நிறம் மாறியிருந்தால் கிருமி நீக்கும் நீராவிக் கொதிகலனுக்குள் போய் வந்தது என்று தெரியும். வேர் சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பைக் கட்டினால் சந்தோஷப்படுங்கள். எச்சில் உள்ளே போகாமலும், ஊசி தொண்டைக்குள் விழாமலும் காப்பது அதுதான். நடுவில் ஓர் எக்ஸ்ரே, முடிந்ததும் ஓர் எக்ஸ்ரே. இரண்டின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். "திட்டத்தில் வருவது சாதா கேப், அது வேண்டாம், ஜிர்கோனியா போடலாம், மீதியைக் கையில் கொடுங்கள்" என்பார்கள். சிரித்தால் வெளியே தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய கேப் தாராளமாகப் போதும். பொருளைவிட, கேப்பின் விளிம்பு பல்லோடு இழைந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும்.

இதுவரை யாரும் உங்களிடம் சர்க்கரையைப் பற்றிக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுவே பெரிய குறை. சென்னிமலையிலிருந்து ஒரு நெசவாளர் என்னிடம் வந்தார், கையில் பிரிட்ஜைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு. ஆண்டுக் கணக்கு முடிகிறது என்று மார்ச் கடைசி வாரத்தில் வேறு எங்கோ கட்டியது, பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கழன்று வந்தது பிரிட்ஜ் மட்டும் இல்லை. தாங்கி நின்ற பல்லும் உள்ளேயே இருந்தது, வேரோடு. பல்லில் சொத்தை இல்லை. வேரைச் சுற்றிப் பற்காரை கருப்பாக ஒட்டியிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லை, ஈறு சீழ் பிடித்து எலும்பு கரைந்திருந்தது. அதைச் சரிசெய்யாமல் அதன்மேல் கட்டிவிட்டார்கள். அழுகிற மண்ணில் தூண் நட்ட மாதிரி.

உங்களுக்கு 9.1 இருக்கிறது. 8-க்கு மேல் இருக்கும்போது அவசரமில்லாத அறுவை வேலையை நான் தள்ளிவைப்பேன். இம்ப்ளான்ட் பேச்சே இப்போது வேண்டாம். முதலில் ஈறை ஆழமாகச் சுத்தம் செய்யுங்கள். சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது, கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றுகிறது. ஈறைச் சரிசெய்தால் மூன்று மாத சராசரியும் கொஞ்சம் இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 46-இன் இடைவெளியை வருடக்கணக்கில் விட்டால் 47 சாயும், மேலே உள்ள பல் கீழே இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் நான்கு வருடம் பொறுத்த இடம் இன்னும் மூன்று, நான்கு மாதம் பொறுக்கும்.

அவிநாசி டாக்டரை விட்டுவிடாதீர்கள். ஆலோசனைக் கட்டணம் மட்டும் கொடுத்து, எக்ஸ்ரேயையும் அந்தத் தாளையும் அவர் முன் வையுங்கள். பன்னிரண்டு வருடமாக உங்கள் வாயைப் பார்த்தவர். 45-உம் 47-உம் போன வருடம் எப்படி இருந்தன என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இன்னும் சந்தேகம் இருந்தால் கோவையிலோ, குமாரபாளையத்திலோ, திருச்செங்கோட்டிலோ உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நாள் போய்வாருங்கள். கட்டணம் குறைவு, பேராசிரியர்கள் பார்ப்பார்கள், நேரம் மட்டும் ஆகும். பட்டியலில் இல்லாத மருத்துவரிடம் செய்தால் பட்டியல் விலை அளவுக்காவது திருப்பித் தருவார்களா என்று கம்பெனி அலுவலகத்தில் விசாரியுங்கள். சில திட்டங்களில் அந்த வழி உண்டு.

நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் சம்பள வரம்பு 21,000 ரூபாய். அதை நவம்பரில் தாண்டியதும் உரிமை போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். போகவில்லை. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு சந்தா காலம். நடுவில் சம்பளம் கூடினாலும் மார்ச் 31 வரை சந்தா பிடிக்க வேண்டும். அதற்குரிய பயன் காலம், அதாவது பயன் பெறும் உரிமைக் காலம், ஜூலை முதல் டிசம்பர் வரை ஓடும். சம்பளச் சீட்டில் பிடித்தம் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் ஈறு சுத்தம், சொத்தை அடைப்பு போன்றவற்றுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாகப் போய், 30,000 ரூபாயைப் பெரிய வேலைக்கு மிச்சம் வைக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, 36-க்கு முன்னனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு மார்ச்சுக்குள் வேர் சிகிச்சை செய்யுங்கள். திட்டம் இதே நிபந்தனையோடு புதுப்பிக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டு, கேப்பை ஏப்ரலில் புது ஆண்டுக் கணக்கில் போடலாம். அதற்குமேல் தள்ளாதீர்கள், கேப் இல்லாத பல் பிளந்துவிடும். அனுமதி கொடுத்துவிட்டுப் பணம் மறுத்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஜூனில் சர்க்கரையை மறுபடி பாருங்கள். 7-ஐ ஒட்டி வந்திருந்தால், 45, 47 எக்ஸ்ரே நகலோடு எனக்கு எழுதுங்கள். பிரிட்ஜா, கழற்றி மாட்டும் பல்லா, கைக்காசில் இம்ப்ளான்டா என்பதை அப்போது பேசுவோம்.