ஒருவர் ரிப்போர்ட் எடுத்தால் எல்லா பில்லும் நிற்பது ஏன்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த ஜவுளிக்கடை நடத்துகிறோம். பில்லிங் மென்பொருள், ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்களைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் எழுதியது. மாத ஸ்டாக் ரிப்போர்ட்டை ஒருவர் திறந்தால் மற்ற கவுன்டர்களில் பில் அப்படியே நின்றுவிடுகிறது. எழுதிக் கொடுத்தவர் பெரிய சர்வர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் புரோகிராமை நோட் ஜேஎஸ் ஒற்றை ஆளாகத்தான் ஓட்டுகிறது. இரண்டு கோர் (கணக்குப் போடும் மூளை) சர்வரை எட்டு கோர் ஆக்கினாலும் அந்த ஆள் ஒருவர்தான். விற்றுக் கொடுப்பவருக்குக் கமிஷன் கிடைக்கும், அவ்வளவுதான்.

ரிப்போர்ட் ஃபைலைப் படிக்கும் வரியில் 'ரீட்ஃபைல்சிங்க்' என்று இருக்கிறதா பாருங்கள். கல்லாவில் இருப்பவரே சேலைக்கட்டு எடுக்க மாடிக்கு ஏறிவிட்டால் கீழே வரிசை நிற்கத்தானே செய்யும்? கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'சிங்க்' செய்வது அதைத்தான். அதற்குப் பதில் 'அவெய்ட்' முறையில் எழுதினால், பையனை மேலே அனுப்பிவிட்டு அவர் அடுத்த பில்லைப் போடுவார். வழக்கமாக உள்ளே அப்படி 4 பையன்கள் உண்டு. ஆனால் வந்த கட்டைப் பிரித்து எண்ணுவது மறுபடி கல்லாக்காரர் வேலை. அதனால் பெரிய ஃபைலை ஸ்ட்ரீமாக, அதாவது கொஞ்சம் கொஞ்சமாக, 64 கேபி துண்டுகளாகப் படிக்கச் சொல்லுங்கள்; துண்டுக்குத் துண்டு நடுவே அவர் பில் போடலாம்.

ஆறு வாரத்தில் சர்டிபிகேட் தரும் சில பயிற்சி நிலையங்களில் 'சிங்க்'கைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். ஒரே வரியில் பாடம் முடிந்துவிடும் பாருங்கள்! அவஸ்தை உங்கள் கவுன்டரில்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பன்னிரண்டு இடத்தில் சிங்க் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு" என்பார்கள். ஏமாறாதீர்கள். சர்வர் ஆரம்பிக்கும்போது செட்டிங்ஸ் ஃபைலை ஒருமுறை படிக்க 'சிங்க்' இருந்தால் தப்பே இல்லை. ஷட்டர் தூக்குவதற்கு முன் கல்லாக்காரர் மாடிக்குப் போய் வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மற்ற கோடு ஃபைல்களை உள்ளே இழுக்கும் நோட் ஜேஎஸ்ஸின் 'ரிக்வயர்' கட்டளை வேலை செய்வதே அப்படித்தான். அதே செட்டிங்ஸை ஒவ்வொரு பில்லுக்கும் திரும்பத் திரும்பப் படித்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

சரி, மாற்றும்போது 'அவெய்ட்' போட மறந்தால் ஃபைலில் இருக்கும் கணக்கு வராது. அதனால் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். அதற்கெல்லாம் முன்னால் சோர்ஸ் கோடும் (புரோகிராமின் மூல வரிகள்) சர்வர் பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வரட்டும். தர முடியாது என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.