பஸ் எண்களை ஒப்பிக்கும் பையன்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. உயர்நிலை இரண்டில் படிக்கிறான். சிறு வயதிலிருந்தே அவனுக்கு எதில் நாட்டம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தபேலா, பூப்பந்து, சதுரங்கம், ரோபோட்டிக்ஸ் என எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டுப் பார்த்தேன். எதிலும் ஓராண்டைத் தாண்டவில்லை. என் நாத்தனார் மகள் பரதநாட்டியத்தை வைத்தே நேரடிப் பள்ளிச் சேர்க்கையில் (மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் தனித்திறனைப் பார்த்து இடம் தரும் முறை) நல்ல பள்ளிக்குப் போய்விட்டாள். இவனோ சனிக்கிழமை வந்தால் பேருந்துச் சந்திப்பு நிலையத்தில் போய் நின்று பஸ்களைப் படமெடுக்கிறான். எந்த எண் எங்கே போகும், எந்த வண்டி எந்த நாட்டுத் தயாரிப்பு என்று ஒப்பிக்கிறான். 600 வெள்ளிக்குக் கேமரா வேறு கேட்கிறான். ‘இதனால் என்ன பயன்?’ என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். ஆண்டிறுதியில் உயர்நிலை மூன்றுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவனுடைய உண்மையான ஆர்வம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

— ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பதினான்கு வயதுப் பையன் யாரும் எழுப்பாமல் சனிக்கிழமை காலையில் எழுந்து, தானாக வெளியே கிளம்பிப் போகிறான் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, பிள்ளை அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை என்று புலம்புபவை. அந்தத் தாய்மார்கள் உங்கள் கடிதத்தைப் படித்தால் பொறாமைப்படுவார்கள்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ‘உண்மையான ஆர்வம்’ என்று ஒன்று அவனுக்குள் எங்கோ முழுதாக உருவாகிக் கிடக்கிறது, சரியான வகுப்பில் சேர்த்துவிட்டால் அது வெளிப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் அப்போது நம் ஊரில் இருந்தவர்தான். யேல்-என்யூஎஸ் கல்லூரியின் உளவியலாளர் பால் ஓகீஃப், ஸ்டான்ஃபோர்டின் கேரல் டுவெக், கிரெகரி வால்டன் இருவருடன் சேர்ந்து 2018ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றிச் சுவையான ஒரு காணொளியைக் காட்டினார்கள். எல்லாருக்கும் பிடித்துப்போனது. பிறகு அதே விஷயத்தைப் பற்றிக் கடினமான ஓர் அறிவியல் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே அமைந்தது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களுக்கு அந்த இடத்தில் உற்சாகம் அதிகமாகச் சரிந்தது. ஆர்வம் வளர்த்துக்கொள்ளக்கூடியது என்று நினைத்தவர்கள் அவ்வளவாகத் தளரவில்லை.

இப்போது தபேலாவை நினைத்துப் பாருங்கள். முதல் சில மாதங்கள் எல்லாமே புதிது. அதன் பிறகு ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும், விரல் வலிக்கும், பக்கத்துப் பையன் முந்திக்கொண்டு போவான். அவன் அங்கேதான் விட்டிருப்பான் என்பது என் ஊகம். வீட்டிலும் ‘சரி, இது அவனுக்கானதில்லை போலிருக்கிறது’ என்று அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். கஷ்டம் வந்தால் அது நமக்கானதில்லை என்ற பாடத்தை, நல்ல எண்ணத்துடனேயே, நாலு முறை சொல்லிக் கொடுத்தாயிற்று. இனி எதில் சேர்ந்தாலும் கட்டணம் கட்டிய தவணை முடியும்வரை போய்த்தான் ஆக வேண்டும், அதன் பிறகு விடுவதானால் தாராளமாக விடலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விட்டபின் குத்திக்காட்டக் கூடாது. அது உங்களுக்கான விதி.

பஸ்ஸுக்கு வருகிறேன். இதை நான் ரசித்தே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன் ஒப்பிப்பதாகச் சொல்லும் விஷயம் சாதாரணமானதில்லை. இந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழ 5,000 பஸ் நிறுத்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. பஸ்களுக்கு எந்த நிறம் பூசுவது என்பதற்குக்கூட ஒரு கதை இருக்கிறது: 2016ல் பொதுமக்களிடம் வாக்கெடுத்து, சிவப்பைத் தள்ளிவிட்டுப் பச்சையைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று கதவும் இரண்டு படிக்கட்டும் உள்ள ஈரடுக்கு பஸ்கள் ஓடுகின்றனவே, ஏன் அப்படி என்று அவனிடம் கேட்டிருக்கிறீர்களா? ‘இதனால் என்ன பயன்?’ என்பதற்குப் பதிலாக அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நிறுத்தத்தில் ஏறி இறங்க ஆகும் நேரம், அதனால் பின்னால் வரும் பஸ் தாமதமாவது, இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வருவது என்று அவன் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரமாவது ஆகும். பாதி புரியாது. புரியாவிட்டால் பரவாயில்லை, ‘அது எப்படி?’ என்று மறுபடி கேட்டால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவுக்கு மளிகை வாங்கப் போகும்போது, ரயிலே ஏறாமல் பஸ்ஸில் மட்டும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். எந்த பஸ் என்று நான் எழுதப் போவதில்லை, அவனுக்குத் தெரியும். வடகிழக்கு ரயில் பாதையில் போவதைவிட அதிக நேரம் பிடிக்கும். அன்று வழிகாட்டி அவன், நீங்கள் பின்னால் போகும் பயணி. கைப்பேசியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரும் வந்தால் இன்னும் நல்லது.

இதற்கு மேல் அவனை எங்கே கொண்டுபோகலாம் என்றால், வாசல்கள் நிறைய இருக்கின்றன. நிலப் போக்குவரத்து ஆணையம் டேட்டாமால் என்ற தளத்தில் பஸ் வருகைத் தகவலை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி இலவசமாகத் தருகிறது. அடுத்து வரும் மூன்று பஸ்கள், அவற்றில் எவ்வளவு கூட்டம், ஒற்றைத் தளமா ஈரடுக்கா, சக்கர நாற்காலி ஏறுமா என்பதெல்லாம் அதில் கிடைக்கும். ரோபோட்டிக்ஸ் வகுப்பில் அவன் கற்றதில் கொஞ்சம் நினைவிருந்தால், வீட்டுக்குக் கீழே இருக்கும் நிறுத்தத்துக்கு மட்டும் ஒரு சிறிய செயலி எழுதிப் பார்க்கலாம். அந்த வகுப்பில் வராத பொறுமை இதில் வந்தாலும் வரும், ஏனென்றால் இது அவனுடைய பஸ் நிறுத்தம்.

செயலி எழுதப் பிடிக்காது, வரலாறு பிடிக்கும் என்றால் வேறு வழி. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டலாம்; தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. 1926ல் இந்தத் தெருக்களில் தலைக்கு மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு டிராலி பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றை ஓட்டிய நிறுவனம் 1971ல் மூடப்பட்டது. தனித்தனியாக இருந்த பஸ் நிறுவனங்கள் அந்த ஆண்டில் மூன்றாகி, 1973ல் ஒன்றாயின. அந்த நாள்களில் பஸ்ஸில் வேலைக்குப் போன பெரியவர்கள் உங்கள் புளோக்கிலேயே இருப்பார்கள். கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவிடம் போய்ப் பேச அவனுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். (தமிழ் படிக்க வைக்கும் தந்திரமாக இதைப் பயன்படுத்தாதீர்கள். இந்த வயதில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.)

தனியாக நிற்கிறானா, கூட்டாளிகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பஸ் ஆர்வலர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களோடு சேரட்டும், யாரோடு, எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணிமனைக்குள் நுழைவதும் சாலையோரக் கோட்டைத் தாண்டி நிற்பதும் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

1980களில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 120 பேரை ஆராய்ந்தார்கள். பியானோ கலைஞர்கள், சிற்பிகள், நீச்சல் வீரர்கள், கணித ஆய்வாளர்கள் எனத் தத்தம் துறையில் உச்சம் தொட்டவர்கள். அவர்களில் பலருடைய முதல் ஆசிரியர் பெரிய மேதை இல்லை; அக்கம்பக்கத்தில் இருந்த, அன்பாகப் பேசிய, விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த ஒருவர். கண்டிப்பும் நுணுக்கமும் பிறகுதான் வந்தன. நாம் இங்கே தலைகீழாகச் செய்கிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் போட்டியில் பரிசு வாங்கித் தரும் பயிற்றுநரைத் தேடுகிறோம்.

உங்கள் நாத்தனார் மகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நடனத்தை ரசித்து ஆடுகிறாள் என்றால் அவள் பாக்கியசாலி. ஆனால் நேரடிச் சேர்க்கை என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து நம் வீடுகளில் எல்லா விளையாட்டுக்கும் ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது. 1973ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை நடந்தது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதிதான். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த கடிதத்தில் ‘போக்குவரத்துப் பொறியியலுக்கு எத்தனை புள்ளி வேண்டும்?’ என்று கேட்டுவிடாதீர்கள். இட்லி வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் வேகாது.

பின்னாளில் அது உதவினால் உதவட்டும். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கையில், தேர்வு முடிவு வருமுன்பே ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் தருகிறார்கள். நேர்முகத்தில், இரண்டு வருடமாகத் தானாகச் செய்த ஒன்றைப் பற்றிப் பேசும் பையனுக்கும், அம்மா சேர்த்துவிட்ட வகுப்புகளின் சான்றிதழ் கோப்பைத் திறக்கும் பையனுக்கும் உள்ள வித்தியாசம் மறையாது. ஆனால் அதற்காக இதை வளர்க்காதீர்கள். பதினாறு வயதில் அவன் பஸ்ஸையே மறந்து பறவைகளைப் பார்க்கச் சுங்கை பூலோவுக்குப் போகலாம். பொறுமையாக நின்று கவனிப்பதும், வகைபிரித்துக் குறித்து வைப்பதும் அவனோடு போகும்.

கேமரா இப்போது வேண்டாம். கைப்பேசி போதும். ஆறு மாதம் எடுத்த படங்களைத் தேதி, பஸ் எண், வண்டி வகை என்று ஒழுங்குபடுத்தி வைக்கட்டும். அதன் பிறகும் கேட்டால் பழைய கேமரா ஒன்றை வாங்கலாம். பாதிப் பணம் அவனுடைய சேமிப்பிலிருந்து.

எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் உங்களை உண்மையில் உறுத்துகிறது என்று தெரிகிறது. பஸ் பிடிக்கும் என்பதற்காகப் புவியியலை அவன் தலையில் கட்ட வேண்டாம். ஆனால் அந்தப் பாடநூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்லலாம். எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தை முதலில் எடுக்கிறான், எதை ஞாயிறு இரவுவரை தள்ளுகிறான் என்பதைச் சில வாரம் சும்மா கவனியுங்கள். கூடுதல் கணிதம் எடுப்பதா என்பதை உறவினர்களிடம் கேட்காமல் கணித ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளியில் கல்வி, வேலை வழிகாட்டி ஆலோசகரும் இருப்பார். சந்திக்க நேரம் கேட்டு மின்னஞ்சலை அவனே எழுதட்டும். நீங்களும் கூடப் போங்கள். முதல் பத்து நிமிடம் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.